பட்டாணியின் நகம்

"அசையாதடி சனியனே! உன்னை இன்னா கொலையா பண்றேன்?" என்று கேட்டுக்கொண்டே தாட்சாயிணி பூனையைத் துண்டில் சுற்றித் தன் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். பூனைக்குப் பெயர் பட்டாணி. முன்னங்கால் விரலை மெல்ல அமுக்கினால் உறைக்குள்ளிருந்து நகம் எட்டிப் பார்க்கும். வெள்ளை நகம், அதற்குள்ளே ரோஜா நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் நகவெட்டி பட்டால் ரத்தம் வந்துவிடும் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் தாட்சாயிணி பயந்தது பூனையின் ரத்தத்தை நினைத்து இல்லை. புருஷனுடைய ரத்தத்தை நினைத்து.

புருஷன் லோகநாதன் அண்ணனூர் கார்ஷெட்டில் மின்சார ரயில் பெட்டிகளின் அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கிறவன். போன வருஷம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று போய்ப் பார்த்தால், இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். நெஞ்சைப் பிளந்து அதை எடுத்துவிட்டு, உலோகத்தில் செய்த ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அந்த உலோகத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாதாம். அதனால் ரத்தத்தை நீர்க்கச் செய்ய ஒரு மாத்திரை, ஆயுசுக்கும் விடாமல் சாப்பிட வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது இதய டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சவரம் பண்ணும்போது ஜாக்கிரதை, வழுக்கி விழக் கூடாது, கீரையை இஷ்டத்துக்குச் சாப்பிடக் கூடாது. கடைசியாக, "வீட்ல நாய், பூனை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு பூனை கீது சார்," என்றான் லோகநாதன், ஏதோ பிள்ளை இருக்கிறது என்று சொல்வதுபோலப் பெருமையாக.

"கீறல் படாம பாத்துக்கங்க. ரத்தம் சீக்கிரம் நிக்காது. அதுவுமில்லாம கீறல் வழியா கிருமி உள்ள போயி வால்வுல உக்காந்துகிச்சுன்னா பெரிய தொந்தரவு."

அவ்வளவுதான் சொன்னார். தாட்சாயிணிக்கு அது போதாதா! கோலப்பொடியில் கல் இருந்தாலே கெட்ட சகுனம் என்று பதறுகிறவள் அவள். அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் புருஷனைப் பார்க்கவில்லை, அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் கையில் ஒரு கோடு விழுந்து, அது நிற்காமல் ஒழுகி, வேட்டி நனைந்து, பாய் நனைந்து, ஐயோ சாமி!

பூனையை ஒரு கோணியில் போட்டுத் திருநின்றவூர் ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற தன் தம்பி வீட்டில் விட்டுவிடலாம் என்றாள். லோகநாதன் சண்டை போடுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாளும் சாப்பிடவில்லை. மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினான். தாட்சாயிணி அழுதாள், திட்டினாள், "பொண்டாட்டி முக்கியமா பூனை முக்கியமா?" என்று கேட்டாள். கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள். பூனை இருக்கட்டும், ஆனால் நகம் இருக்கக் கூடாது.

கால்நடை டாக்டர் அவளிடம் முதலில் கேட்டது, "வெளிய போற பூனையா, உள்ளயே கெடக்கிற பூனையா?"

"ஊரெல்லாம் சுத்திட்டு துன்றதுக்கு மட்டும் வரும் சார்."

"அப்போ பின்னங்கால் நகத்தத் தொடவே தொடாதீங்கம்மா. முன்னங்கால்ல நுனிய மட்டும் வெட்டுங்க. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை போதும். நாய் தொரத்துனா அதுக்குத் தப்பிக்க வேற என்ன வழி இருக்கு? மரம்தான், செவுருதான்."

தாட்சாயிணி தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் வீட்டில் நகம் வெட்டுவதென்றால் லேசா? செவ்வாய், வெள்ளி கூடவே கூடாது. லட்சுமி வெளியே போய்விடுவாள். சனிக்கிழமை வேண்டாம், புருஷனுக்கு இப்போது சனி சரியில்லை. அமாவாசை, கிருத்திகை, விளக்கு வைத்த பிறகு, வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்பிய அன்று, இதெல்லாம் ஆகாது. பூனையின் நகம் இந்தக் கணக்கில் வருமா என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை. போடாததால் வரும் என்றே அவள் வைத்துக்கொண்டாள். சரி, நாள் சரியில்லை என்றால் ஊரில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? தள்ளிப்போடுவார்கள். தாட்சாயிணியால் தள்ளிப்போட முடியுமா? தள்ளிப்போட்ட அந்த இரண்டு நாளில் நகம் வளர்ந்து புருஷனைக் கிழித்துவிட்டால்? அதனால் அவள் முன்னால் இழுத்தாள். கெடு வெள்ளியில் வந்தால் புதனிலேயே வெட்டினாள். அடுத்த கெடு அமாவாசையில் வந்தால் அதற்கும் முந்திய புதனில் வெட்டினாள். இப்படி இழுத்து இழுத்து, ஒவ்வொரு புதன்கிழமையும் பட்டாணிக்கு நகம் வெட்டும் நாளாகிவிட்டது. வாரத்தில் ஒரு நகம் எவ்வளவு வளர்ந்துவிடும்? வளர்ந்தது போதவில்லை என்று அவள் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் வெட்டினாள். அந்த ரோஜாக் கோட்டின் விளிம்பு வரைக்கும்.

அதோடு விட்டாளா? ஒருநாள் பட்டாணி லோகநாதனின் மடியில் மல்லாந்து படுத்து, அவன் கையை முன்னங்கால்களால் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னங்கால்களால் உதைத்து விளையாடியது. மடியில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டுதான் பூனையைத் தூக்க வேண்டும் என்பது தாட்சாயிணியின் சட்டம், அவனும் போட்டுத்தான் இருந்தான். ஆனாலும் அந்த உதையைப் பார்த்ததும் அவளுக்குக் குலை நடுங்கிவிட்டது. அடுத்த புதன்கிழமை அவன் வேலைக்குப் போனதும் பின்னங்கால் நகங்களையும் ஒட்ட வெட்டினாள். அவனிடம் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது நினைவில் இல்லாமலா? இருந்தது. பூனைக்கு நாய் வரலாம், வராமலும் போகலாம். புருஷனுக்கு ரத்தம் வந்தால் நிற்காதே!

"இன்னா தாட்சா, பட்டாணி சன்ஷேடுல ஏற சொல்லோ சறுக்குது?" என்று ஒருநாள் அவன் கேட்டான்.

"வயசாவுது இல்ல, அதுக்கும்தான்," என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லோகநாதனின் நெஞ்சுக்குள் இருக்கிற அந்த வால்வு சத்தம் போடும். பக்கத்தில் நின்றால், மின்விசிறி ஓடாத நேரத்தில், கைக்கடிகாரம்போல டிக் டிக் என்று கேட்கும். முதல் தடவை கேட்டபோது தாட்சாயிணி அரண்டுவிட்டாள். பிறகு அதுவே அவளுக்கு மருந்தாகிவிட்டது. அவன் தூங்கும்போது ஒருக்களித்துப் படுத்து அதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். கேட்கிறது, அப்படியானால் இருக்கிறான். அது காதில் விழுந்தால்தான் அவளுக்குக் கண் மூடும். அதற்கும் குறுக்கே வந்து படுத்துக்கொள்ளும் இந்தப் பூனை. அவன் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, குர்ர் குர்ரென்று மாவு மெஷின் ஓடுவதுபோல. அவன் அசந்ததும் பூனையைக் கீழே இறக்கிவிட்டுவிட்டுத்தான் இவள் படுப்பாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் மீன்காரர் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, வாங்கினவர்களுக்கெல்லாம் செதில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். செதிலும் குடலும் கிடந்தால் தெரு நாய்கள் சும்மா இருக்குமா? மூன்று நாய்கள் பக்கத்துக் காலி மனையில் முகாம் போட்டிருந்தன. லோகநாதன் கீழே கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். தாட்சாயிணி மாடியில் சங்கரா மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். பட்டாணி எப்போது இறங்கிப் போனது என்று அவள் கவனிக்கவில்லை.

நாய்கள் ஒன்றாகக் குரைத்தன. சாதாரணக் குரைப்பு இல்லை அது. அவள் ஜன்னலுக்கு ஓடினாள்.

காலி மனையில் ஒரு வேப்பமரம். பட்டாணி எத்தனையோ தடவை கண் மூடித் திறப்பதற்குள் அதில் ஏறி உச்சிக்கிளையில் உட்கார்ந்து நாய்களுக்கு வேடிக்கை காட்டியிருக்கிறது. இன்றைக்கும் அந்த நம்பிக்கையில்தான் ஓடியது. பாய்ந்தது. ஆள் உயரத்துக்குப் போய்ப் பட்டையைக் கட்டிப்பிடித்தது. பிடித்த கால்கள் நிற்கவில்லை. நாலு கால்களாலும் பிறாண்டிக்கொண்டே சரசரவென்று கீழே வந்தது. மறுபடி பாய்ந்தது. மறுபடியும் வழுக்கியது.

"ஐயோ, ஏறுடி! ஏறித் தொலைடி!" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள் தாட்சாயிணி. எப்படி ஏறும்? ஏறுவதற்கு இருந்ததையெல்லாம் புதன்கிழமை புதன்கிழமையாக வெட்டிக் குப்பையில் போட்டவள் யார்?

அதற்குள் லோகநாதன் மனைக்குள் இறங்கிவிட்டான்.

"யோவ், போவாத! போவாதய்யா!" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. படிகளில் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. இறங்கி வருவதற்குள் அவன் பூனையைத் தூக்கித் தோளில் போட்டிருந்தான். பூனையால் சட்டையைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை, நழுவி நழுவி இறங்கியது. அதனால் அவனுடைய இரண்டு கையும் பூனைக்கே போய்விட்டது. கல்லெடுக்கக் கை இல்லை. செருப்பைக் கழற்றவும் கை இல்லை. காலை உதறி உதறிப் பின்னால் நகர்ந்து வந்தான். செம்பட்டை நாய் ஒன்று பின்பக்கமாக வந்து கெண்டைக்காலைக் கவ்வியது.

கீழ்வீட்டு சரசா துடைப்பத்தோடு ஓடிவந்து நாய்களை விரட்டினாள். லோகநாதன் நாற்காலி வரைக்கும் நடந்து வந்து உட்கார்ந்தான். பூனை அவன் கையிலிருந்து குதித்து மாடிக்கு ஓடிவிட்டது. அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். தாட்சாயிணியும் பார்த்தாள்.

ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் இத்தனை மாதமாகக் கண்ணை மூடினால் பார்த்துவந்த அதே ரத்தம். பாதத்தில் இறங்கி, செருப்பில் நிறைந்து, சிமெண்ட் தரையில் ஓடியது.

"கொழாவத் தொறக்கா, சோப்பு எடுத்தா!" என்று யாரோ கத்தினார்கள். கத்தியது தான்தான் என்று பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. சரசா தண்ணீர் பிடிக்க, சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவக் கழுவச் சிவப்பாகவே போனது. துவைத்து மடித்த துண்டு ஒன்றை வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, விடாமல் அமுக்க வேண்டும் என்று இதய டாக்டர் சொல்லியிருந்தார். எடுத்துப் பார் பார் என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் எடுக்கவில்லை.

எதிர்வீட்டு அப்துல் ரசாக் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். "ஏறும்மா சீக்கிரம். ஒண்ணும் ஆவாது, நான் இட்டுகினு போறேன்," என்றார். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆவடிப் பக்கம் போகும் மின்சார ரயில் ஒன்று போனது. கேட் திறக்கவில்லை, இன்னொன்று வர வேண்டுமாம். தாட்சாயிணி ஆட்டோவின் தரையில் உட்கார்ந்து அவன் காலை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். துண்டின் ஓரம் நனைந்து சூடாக இருந்தது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. வாழ்நாளில் அவள் கும்பிட்ட சாமிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் கூப்பிட்டாள், ஒரு சாமியிடமும் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்துவதற்கு நேரம் பிடித்தது. நர்ஸ் கட்டுப்போட்டு அமுக்க, ஊறி வந்தது. அதன்மேல் இன்னொரு கட்டு. டாக்டர் மாத்திரைச் சீட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார், யாருக்கோ போன் பண்ணிக் கேட்டார். நாய்க்கடி ஊசியைக் கையில் ஒன்று, கடிவாயைச் சுற்றிச் சில என்று போட்டார்கள். ஒவ்வொரு ஊசி இறங்கும்போதும் தாட்சாயிணி அங்கே இன்னொரு ஓட்டை விழுகிறது என்றுதான் பார்த்தாள். மத்தியானம் தாண்டித்தான் கட்டு வெள்ளையாக நின்றது. "இனிமே பயமில்ல," என்றார் டாக்டர். இரண்டு நாள் மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும், எப்போது திரும்ப வந்து காட்ட வேண்டும் என்று சொன்னார்.

டாக்டர் நகர்ந்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அறிவு கீதாயா உனக்கு? ஒரு பூனைக்காவ மூணு நாயி நடுவுல பூந்து போவியா? நீ போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்னு ஒரு நிமிஷம் நெனச்சியா?"

லோகநாதன் கட்டுப்போட்ட காலை மெல்ல நகர்த்தி வைத்தான். "அது எம்மேல படுத்து கொர்ருங்க சொல்லோதான் தாட்சா எனக்கு இது கேக்காது," என்றான்.

"எது?"

அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "டிக் டிக்குன்னு. ஒண்ணு கேட்டா அடுத்தது வருமா வராதான்னே இருக்கும் எனக்கு. இத்தினி வருஷமா கார்ஷெட்ல வேல பாக்கறேன். ஓடுற இரும்புல தேயாத இரும்ப நான் பாத்ததே இல்ல."

ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தாட்சாயிணி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். அவன் பக்கத்தில் விழித்துக் கிடந்திருக்கிறான். இவள் தினமும் பூனையை இறக்கிவிட்டது எவ்வளவு பெரிய பாவம்!

"பின்னங்கால் நகத்தையும் நான்தான் வெட்டிட்டேன்," என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. "டாக்டர் வாணாம்னாரு. நான்தான் கேக்கல."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சா கேக்கறதுதானே?"

"எனக்காவத்தானே பண்ற. உன்ன இன்னான்னு கேக்கறது?" என்றான் அவன். பிறகு, "இனிமே பின்னாடி தொடாத. முன்னாடி நுனி மட்டும், மாசத்துக்கு ஒரு தபா. நல்ல நாளு கெட்ட நாளெல்லாம் பாக்காத," என்றான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சரி என்றாள். மாசத்துக்கு ஒன்று என்றால் நடுவில் எத்தனை நாள் நகம் கூராக இருக்கும் என்று அப்போதே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அவனைக் கட்டிலில் படுக்கவைத்து, காலுக்குத் தலையணை வைத்தாள். சாயங்கால வெயில் ஜன்னலில் இருந்தது. கரண்ட் இல்லை, மின்விசிறி நின்றுபோயிருந்தது. அந்த அமைதியில் டிக் டிக் என்று தெளிவாகக் கேட்டது. அவளுக்கு உயிர் வந்தது. அவனைப் பார்த்தாள். கண்ணை மூடியிருந்தான், ஆனால் தாடை இறுகியிருந்தது, போர்வையின் ஓரத்தை விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு டிக்குக்கும் அவன் காத்துக்கொண்டிருந்தான். இத்தனை மாதம் பக்கத்திலேயே கிடந்து இதை ஒருநாளும் பார்க்காமல் இருந்திருக்கிறாளே!

பட்டாணி அலமாரிக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தது. வாலில் ஒரு இடத்தில் முடி பிய்ந்திருந்தது. கட்டிலுக்குத் தாவியது. மெத்தை விரிப்பில் கால் பிடிக்காமல் தரையில் விழுந்தது. மறுபடி முயன்றது, மறுபடி விழுந்தது. தாட்சாயிணி கையை நீட்டினாள். அந்தக் கையைக் கண்டதும் பூனை காதை மடக்கிக்கொண்டு தரையோடு ஒட்டிப்போனது. அந்தக் கை வந்தால் துண்டும் நகவெட்டியும் கூடவே வரும் என்றுதானே அதற்குத் தெரியும். தன்னைப் பார்த்து ஒரு உயிர் இப்படி நடுங்குவதைப் பார்க்க அவளுக்கு அழுகையாக வந்தது.

"வெட்ட மாட்டன்டி. சத்தியமா. வாடி என் தங்கம்," என்று தரையில் உட்கார்ந்து வெறும் கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் அது மோந்து பார்த்தது. வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கி, ஜமுக்காளத்தை மடித்து அவன் நெஞ்சின்மேல் போட்டு, அதன்மேல் படுக்கவைத்தாள்.

முதலில் அது விறைத்துக் கிடந்தது. பிறகு முகத்தை அவன் கழுத்தடியில் புதைத்துக்கொண்டு குர்ர் குர்ரென்று ஆரம்பித்தது. லோகநாதனின் விரல்கள் போர்வையை விட்டன. கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்து தூங்கிப்போனான்.

தாட்சாயிணி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பூனையின் சத்தம் மட்டும்தான் கேட்டது. இன்னும் கிட்டே குனிந்தாள். ஊஹூம், கேட்கவில்லை. கட்டு வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். பூனையின் உடம்பு ஏறி இறங்கியதில் அவனுடையது எது என்று தெரியவில்லை. பூனையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும், கேட்டுவிடும். கையைக் கொண்டுபோனாள். பட்டாணி கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்துச் சத்தத்தை நிறுத்தியது. தூக்கத்திலேயே அவன் புருவம் சுருங்கியது.

தாட்சாயிணி கையைப் பின்னுக்கு இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பூனை மறுபடி ஆரம்பித்தது. அந்த டிக் டிக் காதில் விழாமலே, அவன் தானாகக் கண் விழிக்கும் வரைக்கும், அவள் கட்டில் ஓரத்தில் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.